முழு விலாசம்

மாட்டுங்கா என்று மட்டும் சொன்னால் பம்பாயில் ஒரு மரியாதை உண்டு. கிங்ஸ் சர்க்கிள், சண்முகானந்தா அரங்கம், பூக்கடைகள், வாழையிலைச் சாப்பாடு, பல தலைமுறைக்கு முன்பே குமாஸ்தா வேலைக்கும் வங்கி வேலைக்கும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கேட்பவர் மனதில் வந்து நிற்கும். அதோடு லேபர் கேம்ப் என்று சேர்த்துச் சொன்னால் முகம் மாறிவிடும். ரயில் பாதைக்கு மேற்குப் பக்கம் என்று அர்த்தம். தாராவி என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளில் பலர் வேலைக்கு மனு எழுதும்போது பின்னால் உள்ள இரண்டு சொல்லை விட்டுவிடுகிறார்கள். சயான் என்று எழுதி ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விலாசத்தைப் பார்த்த உடனே மனுவை ஒதுக்கி வைக்கிற இடங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன.

நான் பம்பாய் நகரத்துப் பெஸ்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கேம்ப்பில் காலை வேளையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித்தருகிறேன். புதிதாக வரும் பிள்ளையின் கையில் கம்பைக் கொடுப்பதில்லை. முதலில் தன் பெயர், அப்பா அம்மா செய்யும் வேலை, முழு விலாசம் ஆகிய மூன்றையும் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

“ஏல, எங்க இருக்க?”

“மாட்டுங்கால, மாஸ்டர்.”

“மாட்டுங்கால எங்கல?”

இங்கே குரல் இறங்கும். கண் தரைக்குப் போகும். தோள் முன்னால் குனியும். அப்படிக் குனிந்த தோளில் கம்பு சுற்றாது. சண்டைக்காரனின் மனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கேம்ப்பில் வாழ்ந்தவர்கள் எழுதியும் பாடியும் அடிவாங்கியும் கண்டுபிடித்து வைத்தது. அந்தச் சரித்திரத்தை எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

தாராவிக்கு எங்கள் ஆட்கள் வந்தது தோலுக்காக. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் டேனரிகள் வந்தன. கசாப்புக்கூடம் பாந்த்ராவில் இருந்ததால் பச்சைத்தோல் பக்கத்திலேயே கிடைத்தது. நகரத்து மூக்குக்கு எட்டாத தூரம் என்று தொழிலை ஓரத்துக்குத் தள்ளினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் தோல் வியாபாரம் தெரிந்த தமிழ் முஸ்லிம்களும் வந்து சேர்ந்தார்கள். என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். முடி கழன்றதும் மரக்கட்டையின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் முடியைச் சீவ வேண்டும். பிறகு திருப்பிப் போட்டுச் சதையை வழிக்க வேண்டும். அதன்பின்தான் பட்டைத் தண்ணீர். சுண்ணாம்பு அவர் விரல் இடுக்குகளைத் தின்றிருந்தது. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. ரயிலில் பக்கத்து ஆள் எழுந்து வேறு இடம் பார்ப்பான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தே வருவார்.

லேபர் கேம்ப் இருப்பது தாராவியின் தென்கிழக்கு மூலையில். 1930களின் முடிவிலேயே கூலிக்காரர்கள் குடியிருக்கும் இடமாக அது இருந்தது. கொங்கணத்திலிருந்தும் நாசிக், சாத்தாராப் பக்கத்திலிருந்தும் வந்த மகார், மாங் என்ற தாழ்த்தப்பட்ட சாதி மக்கள், நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்த வால்மீகிகள், நெல்லைத் தமிழர்கள் என்று எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். ஊரில் பொதுக்கிணறு மறுக்கப்பட்டவர்கள் இங்கே ஒரே குழாய்க்கு வரிசையில் நின்றார்கள். சண்டையும் அங்கேதான், சினேகமும் அங்கேதான். எனக்கு மராட்டி வந்தது அந்த வரிசையில்.

அந்தக் கேம்ப்புக்கு வந்தவர்களில் ஒருவர் அண்ணாபாவு சாத்தே. 1920 ஆகஸ்ட் 1 அன்று வாட்டேகாவ் என்ற ஊரில் மாங் குடும்பத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊர் சாங்லி மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போனது ஒன்றரை நாள். 1930களின் தொடக்கத்தில் அப்பாவோடு கிராமத்திலிருந்து பம்பாய்க்கு நடந்தே வந்தார். சுமை தூக்கினார், தெருவில் சாமான் விற்றார், மில்லில் வேலை பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே கடைப் பலகைகளையும் சினிமா விளம்பரங்களையும் பார்த்துத்தான். லேபர் கேம்ப்பில் இருந்த கம்யூனிஸ்ட் தோழர்களோடு பழகிய காலத்தில் அவர் கட்டிய ஆரம்பகாலப் பாட்டு கொசுவைப் பற்றியது.

கொசு என்றதும் சிரிக்க வேண்டாம். போவாடா என்பது மராட்டியில் வீரர்களைப் பாடும் வடிவம். சிவாஜியின் கோட்டைகளையும் போர்களையும் டஃப் மேளம் அடித்து முழக்கிப் பாடுவார்கள். அந்த வடிவத்தை எடுத்து ஓர் இளைஞன் தன் குடியிருப்பின் சாக்கடையையும் கொசுவையும் பாடினான். கேட்டவர்கள் இரவெல்லாம் கொசுக்கடி பட்டவர்கள். தங்கள் வாழ்க்கை பாட்டுக்குத் தகுதியானது என்று அந்தக் கூட்டத்துக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இது பெரிய சம்பவமாகவே படுகிறது. எதிரி எங்கோ தூரத்தில் இருப்பதாகப் பாடினால் கைதட்டல் கிடைக்கும். தன் வாசலில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்துப் பாடுவதற்குத் தன் நிலைமையை ஒளிக்காத மனம் வேண்டும்.

1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து லால் பாவ்ட்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார் அண்ணாபாவு. 1958 மார்ச்சில் பம்பாயில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. பூமி நிற்பது ஆதிசேஷன் தலையில் இல்லை, தலித்துகளும் தொழிலாளிகளும் ஏந்தியிருக்கும் கையில் என்ற பொருள்பட அன்று பேசினார். மறு ஆண்டு வந்த ‘பகீரா’ நாவலை அம்பேத்கரின் போராடும் பேனாவுக்குக் காணிக்கையாக்கினார். செங்கொடிக்காரர் நீலக்கொடியின் தலைவருக்குச் செய்த மரியாதை அது. இரண்டு கொடிக்காரர்களும் ஒரே சந்தில் குடியிருந்த எங்கள் கேம்ப்புக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இன்னொருவர் பாபுராவ் பாகுல். 1930இல் நாசிக் பக்கம் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இங்கே வளர்ந்து, இங்கிருந்த தொழிற்சங்கப் பேச்சையும் அம்பேத்கர் கூட்டங்களையும் கேட்டு எழுத்தாளர் ஆனவர். 1963இல் வந்த அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு மராட்டி இலக்கியத்தை உலுக்கியது. அதன் தலைப்புக்கதையை, நான் என் சாதியை மறைத்தபோது என்ற கதையை, என் மராட்டிச் சினேகிதன் ஒருவன் டெப்போவில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எனக்கு வாசித்துக் காட்டினான். டிபன் டப்பாவைத் திறக்காமலே கேட்டேன்.

கதையில் வரும் இளைஞன் குஜராத்தில் சூரத் அருகே உத்னா என்ற இடத்துக்கு ரயில்வே வேலைக்குப் போகிறான். கையில் சம்பளம், தலையில் கவிதை, நாட்டைப் பற்றிப் பெரிய நம்பிக்கை. தங்க அறை வேண்டும் என்றால் சாதி கேட்கிறார்கள். மறைக்கிறான். அவனுடைய படிப்பையும் பேச்சையும் மதித்து வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள். ஒவ்வொரு மரியாதையும் அவனுக்குப் பயத்தைக் கூட்டுகிறது. அதே ரயில்வேயில் காசிநாத் என்று இன்னொருவன். பம்பாயிலிருந்து போன மகார். அவன் எதையும் மறைப்பதில்லை. கேட்டால் சொல்லுவான், சீண்டினால் கத்தியை எடுப்பான். முதலாமவனுக்குக் காசிநாத்தைப் பார்க்கவே அச்சம், அவனோடு நின்று பேசினால் தன் குட்டு உடைந்துவிடும் என்று. கடைசியில் உண்மை தெரிந்து கூட்டம் அவனை அடிக்கிறது. வந்து காப்பாற்றுகிறவன் காசிநாத்.

பாகுலும் வாலிப வயதில் சூரத்தில் ரயில்வே வேலை பார்த்தவர். சாதியை மறைத்தால்தான் வீடு கிடைக்கும் என்ற நிலை அவருக்கும் இருந்தது. அந்த வேலையை அவர் விட்டுவிட்டார். இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சாதிக்கொடுமையைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். நான் சிலம்பக்காரன் என்பதால் இரண்டு பேருடைய நிற்கும் விதத்தையும் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே சாதி, ஒரே ரயில்வே, ஒரே ஆபத்து. மறைத்தவன் ஒவ்வொரு நாளும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முதுகுப்பக்கம் பார்த்துக்கொண்டே நடக்கிறான். அடி விழுவதற்கு முன்பே அவன் பாதி தோற்றுவிட்டான். சொல்லிவிட்டவனுக்கு முன்னால் இருக்கிற எதிரி மட்டும்தான் எதிரி. காசிநாத்தின் கத்தியை நான் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யவில்லை. அவனுடைய பதிலைச் சிபாரிசு செய்கிறேன்.

சொல்லிவிடுவதற்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? எங்கள் கேம்ப்பில் அது ஒரு சொல்லிலிருந்து வந்தது. ஜெய் பீம். 2021இல் சூர்யா நடித்த படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த அந்தச் சொல்லை நாங்கள் பால் குடிக்கும் வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். நாக்பூர் அருகே காம்ட்டியில் பீடித் தொழிலாளர்களைத் திரட்டிய பாபு ஹர்தாஸ், 1930களில் அதை ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கமாகப் பரப்பினார். 1937இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 1939 ஜனவரியில் முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன சொல் அவரைவிட நீண்ட காலம் வாழ்கிறது. அதற்கு முன்பு கிராமத்தில் மகார் ஒருவர் மேல்சாதிக்காரர் எதிரில் வந்தால் குனிந்து ஜோஹார் சொல்ல வேண்டும். ஜெய் பீம் சொல்லக் குனிய வேண்டியதில்லை. எதிரில் வருகிறவனும் அதையே திருப்பிச் சொல்வான். அதிகாலை முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் இருட்டில் முகம் தெரியாமல் இந்தச் சொல்லைப் பரிமாறிக்கொண்டு போவது எங்கள் சந்தில் ஓயாது.

உடம்பும் சொல்லும் சேர்ந்து மாறியதற்கு இதற்கும் முந்தைய ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1927 மார்ச்சில் மகாத் ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அந்த டிசம்பரில் மறுபடி கூடியபோது மனுஸ்மிருதியை எரித்தார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதே டிசம்பர்க் கூட்டத்தில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டும் சேலைக்கட்டும் கைகால் நிறையப் போடும் வெள்ளி, பித்தளை வளையங்களும் உங்கள் சாதியை அடையாளம் காட்ட விதிக்கப்பட்டவை, விடுங்கள் என்றார். அங்கேயே பல பெண்கள் சேலையைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். யாரோ விதித்த கட்டு எது, தன் விருப்பத்தில் கட்டும் கட்டு எது என்று பிரித்துப் பார்த்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த தன்னறிவு. அந்த மகாத் போராட்டத்தை அமைத்தவர்களில் முன்நின்றவர் ஆர். பி. மோரே. 1930இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து பம்பாய்த் தொழிலாளர் நடுவில் வேலை செய்தார். லேபர் கேம்ப் வட்டாரத்தில் அண்ணாபாவுவை இயக்கத்துக்குள் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். மகாத் குளத்துத் தண்ணீர் எங்கள் கேம்ப் வரை வந்த வழி இது.

அம்பேத்கரின் ராஜகிருகம் தாதர் ஹிந்து காலனியில். கேம்ப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். புத்தகங்களுக்காகவே கட்டிய அந்த வீட்டை என் அப்பா எனக்குத் தூரத்திலிருந்து காட்டியிருக்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது அம்பேத்கர் மக்களைச் சொல்லவைத்த 22 உறுதிமொழிகளும் ‘நான்’ என்ற இடத்தில் நின்று பேசுபவை. நான் இதைச் செய்யமாட்டேன், நான் இதைக் கடைப்பிடிப்பேன் என்று லட்சக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் தன்மையில் பேசின. அதே ஆண்டு டிசம்பர் 6இல் அவர் காலமானார். தாதர் கடற்கரையில் தகனம் நடந்தபோது அங்கேயே ஏராளமானோர் தீட்சை பெற்றார்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தார். தீட்சை எடுக்கவில்லை. ஆனால் அன்று முதல் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மராட்டிக்காரர்களைப் போலவே ஜெய் பீம் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டினார்.

தமிழர்களாகிய எங்களுக்கு வேறொரு கால்வாயிலும் தண்ணீர் வந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். வசவாகச் சொல்லப்பட்ட பெயரை முகப்பில் அச்சடித்துக் கையொப்பமும் போட்டார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்க மறுத்து, நாம் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்று வாதாடி, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஒருவர் பெயரைத் தூக்கிப் பிடித்தார், மற்றவர் தூக்கி எறிந்தார். இரண்டு பேரும் கேட்டது நாம் யார் என்ற ஒரே கேள்வியை. யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் எங்கள் சங்கத்துக் கூட்டங்களில் வாக்குவாதம் நடக்கும். எனக்குச் சீனிவாசன் பக்கம் சாய்வு அதிகம். கம்பு வருகிற திசையில் ஏறி அடிக்கிறவர் அவர்.

அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு ரத்தானதால் 1936இல் சொந்தச் செலவில் அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையைப் பெரியாரின் ‘குடிஅரசு’ உடனேயே தமிழில் வெளியிட்டது. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் திராவிட இயக்கப் பத்திரிகைகள் துணிகளுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்னை வாசிக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார். சுயமரியாதை என்ற சொல் வரும் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வார்.

அந்தச் சொல்லுக்கு வேலை வந்தது 1960களின் பிற்பகுதியில். 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு தென்னிந்தியர்களை வெளியேறச் சொல்லும் பிரசாரம் நகரெங்கும் நடந்தது. லுங்கியைச் சொல்லிக் கேலி செய்த கோஷத்தை அந்தக் காலத்துத் தமிழர் யாரும் மறக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயில் ஏறத் தயங்கினார்கள். தமிழில் பேசுவதைப் பிளாட்பாரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் சந்தில் எங்களுக்குக் காவல் நின்றவர்கள் மராட்டி பேசும் நீலக்கொடிக்காரர்கள். ஜெய் பீம் சொல்லத் தெரிந்தவன் அவர்களுக்கு வெளியூர்க்காரன் ஆகவில்லை.

1972இல் நாம்தேவ் தசால், ஜே. வி. பவார் முதலிய இளைஞர்கள் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தரைப் பார்த்து வைத்த பெயர். அந்த இளைஞர்களுக்கு ஆசான் இடத்தில் இருந்தவர் எங்கள் பாபுராவ் பாகுல். பத்தாண்டில் அந்தச் சிறுத்தை தெற்கே இறங்கியது. 1982இல் மலைச்சாமி மதுரையில் இந்திய தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கினார். 1989இல் அவர் இறந்தபின் தொல். திருமாவளவன் தலைமைக்கு வந்தார். அடங்க மறு, அத்து மீறு, திமிறி எழு, திருப்பி அடி என்ற முழக்கம் தமிழ்நாட்டுச் சேரிச் சுவர்களில் ஏறியது. ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தெருச் சுவரில் நீலமும் சிவப்புமாக அதைப் பார்த்தேன்.

வாலிபர்கள் நான்காவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். டீ ஷர்ட்டிலும் அதுதான் பெரிதாக இருக்கிறது. எனக்கு முதலாவதுதான் உயிர். அடங்க மறுக்க வேண்டுமென்றால் எதற்கு அடங்கிக் கிடக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாதவன் திருப்பி அடிக்கிற அடி பக்கத்து வீட்டுக்காரன் மேல் விழும், பெண்டாட்டி மேல் விழும். கேம்ப்பில் நான் அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுச் சந்தில் கத்துகிறவன் எல்லாம் போராளி ஆகமாட்டான்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை எங்கள் டெப்போவில் தெரியாதவர் இல்லை. நான்தான் மகத்தானவன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர். வாய்க்கொழுப்பு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். 1964இல் பட்டத்துக்கான சண்டையில் லிஸ்டனை வீழ்த்தியதும் கேஸியஸ் கிளே என்ற பெயரை விட்டார், அடிமை முன்னோர்களுக்கு எஜமானர் வைத்த பெயர் என்று. 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்தார். மூன்று ஆண்டுக்கு மேல் அமெரிக்காவில் குத்துச்சண்டை மேடை ஏறவிடவில்லை. அந்த மூன்று ஆண்டும் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது, தான் யார் என்று பெயரை மாற்றியபோதே முடிவு செய்திருந்ததுதான். பட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் பட்டம் போன அன்றே முடிந்திருப்பார்.

இதையெல்லாம் கம்பாட்டத்தில் எப்படி இறக்குகிறேன் என்று சொல்கிறேன். சிலம்பத்தில் கம்புக்கு முன்னால் காலடி. வெறுங்கையோடு கால் வைக்கும் வரிசையைப் பல வாரம் பழக வேண்டும். பிறகு எதிரில் நிற்கிறவன் தலையைப் பார்த்து வீச்சு இறக்கும்போது புதிய பிள்ளை இரண்டு காரியம் செய்யும். கண்ணை மூடும், மூச்சை அடக்கும். மூச்சு அடங்கினால் கால் கட்டிப்போகும். அடி தப்பாமல் விழும். கண்ணை மூடாதே என்று ஆயிரம் தரம் சொன்னாலும் பயனில்லை. வாயில் ஒரு வாக்கியம் இருந்தால் மூச்சு வெளியே போகும், கால் நகரும். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வர வேண்டும். பின் காலை எடுத்து வைக்கும்போது அதைச் சொல்லி மூச்சை விட வேண்டும்.

முதலில் சினிமா வசனம் எழுதி வருவார்கள். நான் ஏற்பதில்லை. ஒரு பெண் பிள்ளை ‘பயப்படமாட்டேன்’ என்று எழுதி வந்தாள். யார் பயப்படமாட்டாள் என்று கேட்டேன். நான்தான் மாஸ்டர் என்றாள். நீ யார் என்றேன். பதில் வரவில்லை. அவள் அம்மா இரவு மாவாட்டி விடிகாலை இட்லி அவிப்பவள். அப்பா அதை அலுமினியப் பாத்திரத்தில் தலையில் வைத்துக்கொண்டு ஹார்ன் அடித்தபடி தெருத்தெருவாக விற்பவர். தாராவியில் இப்படிப் பல நூறு குடும்பம். பம்பாயில் ஏராளமானோரின் காலைப்பசி தீர்ப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல அவள் கூசினாள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் ‘இட்லிக்காரி மகள் பின்வாங்கமாட்டேன்’ என்று எழுதி வந்தாள். இலக்கணம் இடறும். நான் திருத்தவில்லை. அவள் வீச்சை இப்போது பெரிய பையன்கள் மரியாதையோடு எதிர்கொள்கிறார்கள்.

தன்னம்பிக்கை வகுப்பு என்று நடத்துகிறவர்கள் இப்போது தாராவிக்கும் வருகிறார்கள். கண்ணாடி முன் நின்று என்னால் முடியும் என்று சொல்லச் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் தாத்தா எந்தத் தொட்டியில் நின்றார், எந்தக் குளத்துக்காக யார் அடிவாங்கினார்கள் என்று சொல்லாமல் அந்த வாக்கியத்தைக் கொடுத்தால் ஒரு நேர்முகத் தேர்வில் தோற்றவுடன் அது உதிர்ந்துவிடும். ஒருவருக்கான வாக்கியம் தனியாக முளைப்பதில்லை. அண்ணாபாவுவுக்கு அம்பேத்கரின் பேனா தேவைப்பட்டது. பாகுலுக்குக் கேம்ப்புக் கூட்டங்கள் தேவைப்பட்டன. அப்பாவுக்கு மகார் சினேகிதர்களின் வணக்கம் தேவைப்பட்டது.

எங்கள் பிள்ளைகளில் சிலர் இதைத் தாங்களாகவே கண்டுகொண்டார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். தாராவியில் தமிழிலும் இந்தியிலும் ராப் பாடத் தொடங்கிய டோப்படெலிக்ஸ் குழுவினர் 2018இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’ படத்தில் பாடினார்கள். வார்த்தைகளை வேகமாக அடுக்கும் அந்தப் பாட்டு எனக்கு முழுக்கப் பிடிபடுவதில்லை. தாராவி என்ற பெயரை அவர்கள் உரக்கச் சொல்வது பிடிபடுகிறது. அண்ணாபாவு டஃப் அடித்துச் செய்ததை இவர்கள் வேறு தாளத்தில் செய்கிறார்கள்.

இப்போது தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் நடக்கிறது. வீடு வீடாக வந்து எண் போட்டிருக்கிறார்கள். யாருக்கு எங்கே வீடு, எத்தனை சதுர அடி என்பதுதான் எல்லோருடைய பேச்சும். அதற்கான போராட்டம் தனியே நடக்கட்டும். நான் கேட்பது வேறு. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து படித்து இன்று நவி மும்பையிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் எண்பது வயது தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த டேனரியில், எந்த மில்லில் நின்றார்கள், எந்தக் கூட்டத்துக்குப் போனார்கள், காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது வாய்க்குள் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே போனில் பதிவு செய்யுங்கள். மராட்டிக்காரர்கள் அண்ணாபாவுவையும் பாகுலையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். அதே சந்தில் வாழ்ந்த தமிழர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுத்து இல்லை. இந்த வருஷம் கேளுங்கள். அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீர்கள்.